வியர்வைக்கு வழிவிடும் புரதம்

தேர்வு எழுத உட்கார்ந்தவுடனே சில மாணவர்களுக்கு உள்ளங்கையில் வியர்வை ஊறி, விடைத்தாள் நனைந்து, மை கலைந்துவிடுகிறது. கைக்கு அடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டுதான் அவர்கள் எழுதுவார்கள். ‘பயந்த சுபாவம்’ என்று வீட்டார் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அவ்வாறு சொல்வது நியாயமன்று என்பதே என் கருத்து. காரணத்தை அறிய, வியர்வை பிறக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு நுண்குழாய். மண்பானையின் புறத்தே நீர் கசிவதுபோல வியர்வையும் கசிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது அப்படியன்று. முதலில் நரம்பின் ஆணை வர வேண்டும். பரிவு நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுச் சுரப்பியின் உயிரணுக்களைத் தூண்டுகிறது. உடனே குளோரைடு அயனிகள் உயிரணுவிலிருந்து குழாயின் உட்புறம் செல்கின்றன, சோடியம் பின்தொடர்கிறது. உப்புச் சேர்ந்த இடத்தை நாடி நீரும் செல்கிறது. அந்நீர் மேலேறி வரும் வழியில் உப்பின் பெரும்பகுதியை உடல் மீட்டுக்கொள்கிறது.

இங்கே ஒரு வினா எழுகிறது. உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு கொழுப்பாலானது. அதனூடே நீர் மெல்லத்தான் ஊடுருவ முடியும். அப்படியிருக்க, வியர்வை இவ்வளவு விரைவில் பெருகுவது எப்படி?

விடைக்கான வழியைத் திறந்தவர் அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரில் ஆராய்ச்சி செய்த பீட்டர் ஏகர். அவர் தேடியது வேறொன்று. சிவப்பணுக்களில் இரத்த வகை தொடர்பான ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்க முயன்றபோது, அழையாத விருந்தாளிபோல இன்னொரு புரதம் கூடவே வந்துகொண்டிருந்தது. அதன் பணியைக் கண்டறியத் தவளையின் முட்டைகள் உதவின. தவளை முட்டை குளத்து நீரில் கிடந்தும் ஊதிப்போவதில்லை. நீரை அது எளிதில் உள்ளே விடாது. அத்தகைய முட்டைக்குள் இப்புரதத்தை உண்டாக்கும் ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி, நன்னீரை ஒத்த நீர்மத்தில் இட்டார்கள். முட்டை வீங்கி, பொரி பொரிவதுபோல வெடித்தது! 1992ஆம் ஆண்டு வெளியான இச்சோதனை, நீருக்கென்றே தனி வாயில் உண்டு என்பதை ஐயமற நிறுவியது. அவ்வாயிலுக்கு அக்வாபோரின் என்று பெயர். 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசை ஏகர், ரோடரிக் மக்கின்னனுடன் பகிர்ந்துகொண்டார்.

இவ்வாயில் நீரை இழுப்பதுமில்லை, தள்ளுவதுமில்லை. உப்பின் செறிவு காட்டும் திசையில் நீர் தானே ஓடுகிறது. வாயில் வழிவிடுகிறது, அவ்வளவே.

அக்வாபோரின்களுள் ஐந்தாம் எண்ணுடையது வியர்வைச் சுரப்பியில் இருக்கிறது. இப்புரதம் இல்லாத எலிகளை உருவாக்கி, பைலோகார்ப்பின் என்னும் வியர்வை மருந்தைச் செலுத்திப் பார்த்தனர். வியர்வை மிகக் குறைந்தது என்று ஒரு குழுவினர் 2002இல் அறிவித்தனர். அதே ஆண்டில் வேறொரு குழுவினர், தங்கள் எலிகளில் வேறுபாடே இல்லை என்றனர். விஞ்ஞானத்தில் இத்தகைய முரண்கள் வருவது இயல்பே. மாணவர்கள் இவற்றைக் கண்டு மருள வேண்டியதில்லை.

மனிதரிடம் கிடைத்த சான்று ஒன்று எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுகிறது. சுவீடனின் வடபகுதியில் சில குடும்பத்தாருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்திருக்கும். நீரில் நனைத்தால் அத்தோல் வெளுத்துக் கடற்பஞ்சுபோல் ஊறிவிடும். பலருக்குக் கைகால் வியர்வையும் மிகுதி. இவர்களிடம் ஐந்தாம் அக்வாபோரினின் மரபணுவிலேயே மாற்றம் உள்ளதென 2013ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இது அரிய நோய். பொதுவாகக் கை வியர்ப்பவரிடம் இம்மாற்றம் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுடைய சுரப்பிகளில் இப்புரதம் மிகுந்து காணப்பட்டதாக ஆய்வுகள் உண்டு. எனினும் அது காரணமா, ஓயாத தூண்டுதலின் விளைவா என்பது முடிவாகவில்லை. நரம்பின் ஆணை அளவு மீறுவதே முதற்காரணம் என்பதைப் பலரும் ஏற்கின்றனர். இந்நோய் பெரும்பாலும் இளமையிலேயே தொடங்குகிறது. குடும்ப வழியாக வருவதும் உண்டு. உறக்கத்தில் வியர்வை அடங்கிவிடுகிறது. அச்சம் வியர்வையைக் கூட்டலாம். ஆனால் வியர்ப்பவரெல்லாம் கோழையர் அல்லர்.

அப்படியானால் அந்த வாயிலையே அடைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். பல அக்வாபோரின்களைப் பாதரசம் அடைக்கும். ஆனால் அது நஞ்சு. நஞ்சற்ற மருந்து கிடைத்தாலும் இடர் தீர்ந்துவிடாது. இதே ஐந்தாம் அக்வாபோரின் கண்ணீர்ச் சுரப்பியிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இருக்கிறது. உடல் முழுவதும் பரவும் மருந்து கையை உலர்த்தப்போய்க் கண்ணையும் நாவையும் வறளச் செய்துவிடலாம். ஆகவே, இன்றைய சிகிச்சைகள் வேறு இடங்களைத் தாக்குகின்றன. அலுமினியம் குளோரைடு குழாயின் வாயை அடைக்கிறது. பாட்டுலினம் நஞ்சை மிகச் சிறு அளவில் ஊசியால் செலுத்தினால், நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிவருவது சில மாதங்களுக்குத் தடைப்படுகிறது. நரம்பையே அறுக்கும் அறுவை முறையும் உண்டு. ஆனால் அதற்குப் பின் முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருகத் தொடங்குவது பலருக்கு நேர்வதால், மருத்துவர்கள் அதைக் கடைசியாகவே கருதுகின்றனர்.