வீட்டை வாடகைக்குத்தானே விடுகிறோம், பாட்டை மட்டும் ஏன் விற்கிறோம்?

சங்கரன்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே வேலை பார்க்கும் தம்பிக்கு இருபத்து நான்கு வயது. பெயர் வேண்டாம். காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு எட்டரை வரை வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று என்று ஊர்ச் சொத்தெல்லாம் அவன் கைவழியாகத்தான் போகும். வீட்டுக்குப் போனபிறகு அவன் வேறு ஆள். மாடி அறை ஜன்னலில் இரண்டு ஜமுக்காளம் தொங்கும். ஒரு மைக், ஒரு பழைய லேப்டாப். பக்கத்து விசைத்தறி ஓடும்போது குரல் பதிய முடியாது. அதனால் வார நாட்களில் வரி எழுதி மெட்டுக் கட்டுவான். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை பாடிப் பதிவு செய்வான். இடையிடையே கல்யாண வரவேற்பு, கோயில் கொடை, ஆடித்தபசு நேரத்து மேடை. மேடையில் சினிமாப் பாட்டு, மாடியில் சொந்தப் பாட்டு.

போன வருஷம் அவனுடைய பாட்டு ஒன்று இன்ஸ்டாகிராமில் கொஞ்சம் ஓடியது. உடனே ஒரு இசை நிறுவனத்திலிருந்து அழைப்பு. 8,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் நான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை அனுப்பினார்கள். வேலை பார்க்கும் கடையிலேயே பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டான். நான்கு மாதம் கழித்து ஒரு நகைக்கடை விளம்பரத்தில் அவன் மெட்டு ஒலித்தது. பாட்டின் விவரத்தில் எழுதியவர் என்று அவன் பெயர் இல்லை. அவனுடைய சேனலில் அவனே போட்டிருந்த பாட்டுக்கு, 'இது வேறொருவருடைய உடைமை' என்று யூடியூப்பிலிருந்து அறிவிப்பும் வந்தது.

"வாசிச்சியா தம்பி?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டாத்தான் பணம் போடுவோம்னாங்க அண்ணாச்சி."

இருவரும் உட்கார்ந்து வாசித்தோம். 'என்றென்றைக்கும்', 'பேரண்டம் முழுவதும்' என்று இரண்டு சொற்கள் இருந்தன. வாடகை வீட்டுக்கே பதினோரு மாதம் என்று வரம்பு போட்டு அச்சடித்துத் தருகிறவன், தன் பாட்டைப் பேரண்டத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறான். இது அவன் ஒருவனுடைய கதை இல்லை. ஒவ்வொரு சிற்றூரிலும் பாட்டுக் கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டும் ஒரு சொத்து, அதற்கும் பத்திரம், வில்லங்கம் எல்லாம் உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு பாட்டு, நாலு சொத்து

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு என்பது ஒரே பொருள் இல்லை. வரி தனி, மெட்டு தனி, ஒலிப்பதிவு தனி. பாடிய குரலுக்கு இருப்பது கலைஞர் உரிமை, அது நான்காவது. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நிற்கும். ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பாடியவரின் உரிமைக்கு 50 ஆண்டு.

ஒலிப்பதிவின் உரிமை தயாரிப்பாளருக்கு. யார் முன்னெடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்கிறாரோ அவரே தயாரிப்பாளர். ஜமுக்காளம் கட்டிய அறையில் சொந்தச் செலவில் பதிந்தால் அது நீங்கள்தான். வரியும் மெட்டும் குரலும் உங்களுடையதே என்றால் நாலு சொத்தும் உங்கள் பெயரில்.

"எனக்கு ஸ்வரம் எழுதத் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். மெட்டை எந்தக் குறியீட்டிலும் எழுதி வைக்காவிட்டாலும் கட்டியவர்தான் இசையமைப்பாளர் என்று சட்டமே சொல்கிறது. உரிமை பிறக்கப் பதிவும் கட்டாயம் இல்லை. பாட்டு உருவான அன்றே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு என்பது வழக்கு என்று வந்தால் காட்டுவதற்கான சான்று. பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். 2013 விதிகளின்படி வரிக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000. விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சில் பாட்டு யாருக்கும் போய்விடாது. எழுதும்போது எந்தப் பாட்டு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லை, எவ்வளவு தொகை என்பதெல்லாம் தெரிய வேண்டும். காலத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லையைச் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் ஒப்பந்தம் மௌனமாக இருக்கிற இடத்தில்தான். 'என்றென்றைக்கும்' என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டால் ஐந்தாண்டுக் கணக்கு துணைக்கு வராது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ எழுதச் சொல்லுங்கள். குரலைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று ஒரு வரி இருந்தால் அதையும் அடியுங்கள்.

ஆனால் ராயல்டியில் உங்கள் பங்கை யாராலும் எழுதி வாங்க முடியாது. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1977-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. படத்துக்காகப் பணம் வாங்கிக்கொண்டு பாட்டெழுதினாலும் இசையமைத்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை தயாரிப்பாளருக்கே என்பது அதன் சாரம். கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் பல ஆண்டுகள் போராடினார்கள். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் அதில் முன்னின்றார். 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும், பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றலாம். திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பது ஒன்றுதான் இதற்கு விலக்கு. 'மொத்தமாகப் பணம் வாங்கிவிட்டேன், இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் இந்த விஷயத்தில் அது செல்லாது. தம்பியின் நான்காவது பக்கத்தில் இருந்தது அந்த வரிதான்.

பெயரும் அப்படித்தான். 57-ஆம் பிரிவின்படி, உரிமையைக் கைமாற்றிய பிறகும், 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்வதும், பேருக்குக் களங்கம் வரும்படி பாட்டைச் சிதைத்தால் தடுப்பதும் உங்களிடமே இருக்கின்றன.

வில்லங்கம் எங்கிருந்து வரும்?

முதல் வில்லங்கம் இலவச 'பீட்'. இணையத்தில் கிடைக்கும் ஒரே தாளத்துண்டை ஆயிரம் பேர் எடுத்துப் பாடுகிறார்கள். அதில் ஒருவர் தன் பாட்டை யூடியூப்பின் தானியங்கிச் சோதனையில் பதிந்துவிட்டால், மற்ற எல்லாருடைய பாட்டும் அவருடையது போலக் காட்டும். உரிமக் குறிப்பை வாசித்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். அதுவே உங்கள் மூலப்பத்திரம்.

இரண்டாவது, கூட்டாளி. தாளம் போட்ட நண்பனும் இரண்டு வரி சொன்ன தோழியும் பாட்டு ஓடாதவரை நண்பர்கள், ஓடிவிட்டால் பங்காளிகள். பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, 'சினிமாவில் பாட வாய்ப்பு, முன்பணம் கட்டுங்கள்' என்று வரும் அழைப்பு. வாய்ப்புக் கொடுப்பவர்தான் பாடகருக்குப் பணம் தர வேண்டும். பணம் போய்விட்டால் அன்றே 1930 எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்குவது கடினம்.

கல்யாண மேடையில் சினிமாப் பாட்டுப் பாடுவதற்குப் பயப்பட வேண்டாம். கல்யாணத்தோடு சேர்ந்த நிகழ்ச்சிகளில் பாடுவது உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தியது. அதே பாட்டைப் பதிந்து சேனலில் போட்டு வருமானம் பார்ப்பது வேறு கதை.

கை மீறிப் போனால்

யூடியூப்பில் 'கிளெய்ம்' வேறு, 'ஸ்ட்ரைக்' வேறு. முதலாவதில் வருமானம் போகலாம். இரண்டாவது வகை மூன்று சேர்ந்தால் சேனலே போகலாம். பாட்டு உங்களுடையதுதான் என்றால் கிளெய்மை மறுத்துப் பதில் போடுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பேச வேண்டும், இல்லையென்றால் அது விழுந்துவிடும். வேறொருவர் உங்கள் பாட்டை இணையத்தில் ஏற்றியிருந்தால் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும் என்பது விதி. அந்த முடக்கம் 21 நாள்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும்.

நீதிமன்றம் என்றதும் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டும் என்று மலைக்காதீர்கள். பதிப்புரிமை வழக்கை நீங்கள் குடியிருக்கும் எல்லையில் உள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

பொது இடங்களிலும் ஒளிபரப்பிலும் பாட்டு ஒலிக்கும்போது வரும் ராயல்டியை வசூலித்துத் தர, வரி எழுதுபவருக்கும் மெட்டமைப்பவருக்கும் ஐபிஆர்எஸ் சங்கம் இருக்கிறது. பாடுபவர்களுக்கு, முன்பு இஸ்ரா என்றிருந்த இசாம்ரா. ஒரு பாட்டு வெளியானதுமே உறுப்பினராவது நல்லது.

தம்பி என்ன செய்தான்? வரி எழுதிய நோட்டுப் புத்தகம், முதல் பதிவின் தேதியுள்ள கோப்பு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்தான். சட்ட உதவி வக்கீல் மூலம் நோட்டீஸ் போனது. ஆறு வாரத்தில் பாட்டின் விவரத்தில் அவன் பெயர் ஏறியது. அவன் சேனல் மீதிருந்த கிளெய்மும் நீங்கியது. நகைக்கடை விளம்பரத்தின் ராயல்டி இன்னும் வரவில்லை. அதற்கு அடுத்த நோட்டீஸ் தயாராகிறது.

இதற்கிடையில் வேறொரு நிறுவனம் புதுப் பாட்டைக் கேட்டு வந்தது. "பதினோரு மாசத்துக்குத் தாரேன்" என்றான். போனிலேயே சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கடைசியில் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தானது.

இந்தத் தடவையும் கடையில்தான் பிரிண்ட் எடுத்தான். நாலு பக்கத்தையும் வாசித்து முடிக்கும்வரை வாடகை ஒப்பந்தத்துக்கு வந்தவர் காத்துக்கொண்டு நின்றார்.