பழைய வரைபடமும் பெரியப்பாவின் பென்சிலும்

கடந்த பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போயிருந்தோம். நான், என் தங்கை, அவளுடைய எட்டு வயது மகன், பெரியப்பா. பெரியப்பா முப்பது ஆண்டுகள் அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, இப்போது தாப்பாவில் இருக்கிறார்.

என் பையில் ஒரு காட்டுப்பாதை வரைபடம் இருந்தது. 2008இல் கல்லூரித் தோழிகளோடு வந்தபோது தானா ராத்தாவில் வாங்கியது. கேமரன் மலையில் நடைபாதைகளுக்குப் பெயரைவிட எண்தான் பழக்கம். 10ஆம் எண் என்றால் ஜாசார் மலை. 9ஆம் எண் என்றால் ரோபின்சன் அருவி. அதிலிருந்து பிரியும் 9ஏ, போ தேயிலைத் தோட்டச் சாலைப் பக்கம் இறங்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

"பாதை மாறியிருக்கும்மா. கீழ யாரையாவது கேட்டுட்டுப் போவோம்" என்றார் பெரியப்பா.

"மேப் இருக்கே பெரியப்பா" என்றேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். முதல் தவறு அதுதான். மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அருவி வரை சிக்கல் இல்லை. அதன் பிறகு, வரைபடத்தில் காடு என்று பச்சை அடித்திருந்த இடத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம் நின்றது. பாதை ஒரு வேலியில் போய் முடிந்தது. மேலே ஏறிச் சுற்றிப் பார்த்தோம். மழை பிடித்துக்கொண்டது. கைப்பேசியில் அலை இல்லை.

"பெரியம்மா, நாம தொலைஞ்சிட்டோமா?" என்று கேட்டான் பையன்.

தினமும் வானொலியில் மணிக்கணக்கில் பேசுகிறவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 1967 மார்ச் 26 அன்று இதே தானா ராத்தாவில் ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போன தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் நினைவுக்கு வந்தார். போலீஸாரும் ராணுவத்தினரும் ஓராங் அஸ்லி மக்களும் தேடினார்கள். இன்றுவரை அவர் கிடைக்கவில்லை. வாயைத் திறக்காமல் நடந்தேன்.

கடைசியில், தோட்டத்தில் வேலை செய்த ஒரு வங்காளதேச இளைஞர்தான் எங்களைப் பார்த்து, வேலிக்குள் அழைத்துப் போய்ச் சாலையில் விட்டார். மணி ஆறரை. இன்னும் முக்கால் மணி நேரத்தில் இருட்டிவிடும்.

அன்றிரவு விடுதியில் எனக்கு வெயின்ரைட் நினைவு வந்தது. இங்கிலாந்தின் ஏரி மாவட்ட மலைகளில் நடப்பவர்கள் வேதம் போல மதிக்கும் ஏழு கையேடுகளை எழுதியவர். கெண்டல் நகராட்சியில் பொருளாளராக இருந்தபடி, விடுமுறை நாள்களில் 214 மலைகள் ஏறினார். ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே எழுதி வரைந்தார். முதல் நூல் 1955இல் வந்தது, ஏழாவது 1966இல்.

மலை நகராது, ஆனால் பாதை நகரும். வேலி வரும், பாலம் போகும். வெயின்ரைட் 1991இல் காலமானார். அவருக்குப் பின், கிறிஸ் ஜெஸ்டி என்ற வரைபடக் கலைஞர் பாதைகளை மீண்டும் நடந்து பார்த்து, 2005 முதல் திருத்திய பதிப்புகளைக் கொண்டுவந்தார். மூலத்தின் தோற்றத்தைக் காப்பாற்றினார். பாதைகளை மட்டும் சிவப்பில் காட்டினார். அடுத்த திருத்தத்தைக் கிளைவ் ஹட்ச்பி செய்தார். பெரியவர் எழுதியதில் இன்னொருவர் கை வைக்கலாமா என்று நமக்குத் தோன்றும். வேலியில் முட்டி நின்ற பிறகு எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. வழிகாட்டி நூலுக்கு மரியாதை, அதை நம்பி நடப்பவர் வீடு திரும்புவதுதான்.

மறுநாள் காலை, பசியாறிய மேசையில் பெரியப்பா என் வரைபடத்தை விரித்தார். பையனிடம் பென்சில் வாங்கினார். முதலில் நேற்றைய வேலியைக் குறித்தார். பிறகு வரைபடத்தில் இல்லாத ஒரு கோடு போட்டார்.

"இது எங்க லயத்துப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போன குறுக்கு வழி. இங்க ஒரு சின்னக் கோயில் இருந்துச்சு. மழைக்கு அங்கதான் ஒதுங்குவோம்."

1929இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து நம்மவர்கள் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய சரிவுகள் இவை. நான் கடையில் வாங்கிய வரைபடத்தில் அந்தக் கால்தடங்களுக்கு ஒரு கோடுகூட இல்லை. பெரியப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. அவர் மனத்தில் இருப்பதற்கு மறுபதிப்பு கிடையாது.

நீங்கள் போவதானால் காலையிலேயே கிளம்புங்கள். எந்த எண் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். மழைச்சட்டை, கைவிளக்கு, தண்ணீர் கட்டாயம். வரைபடம் எந்த ஆண்டு அச்சானது என்று பாருங்கள்.

தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் முன்னால் ஒரு வரைபடத்தையும் பென்சிலையும் வையுங்கள். எங்கள் வரைபடத்தின் மூலையில் பையன் அன்றைய தேதியை எழுதி, கீழே 'திருத்தியவர்: தாத்தா' என்று சேர்த்திருக்கிறான்.