ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுக்கும்போது எச்சரிக்கை தேவை

மாட்டுக் கொட்டகை, பம்புசெட் அறை, கோழிப் பண்ணை என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏறாத இடம் கிராமத்தில் குறைவு. கீற்றுப் போல அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை, தீப்பிடிக்காது. ஆனால் இதை அறுக்கும்போது பறப்பது வெறும் சிமெண்ட் தூள் அல்ல.

ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நார். கண்ணுக்குத் தெரியாத இந்த நார் மூச்சோடு உள்ளே போனால், இருமினாலும் முழுவதும் வெளியேறுவதில்லை. நாளடைவில் நுரையீரல் தழும்பேறி இறுகும். நடந்தாலே மூச்சு வாங்கும். நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோய் வரலாம். புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும் என்பதால்தான் இந்தத் தூளுக்கு யாரும் பயப்படுவதில்லை. பீடி, சிகரெட் பிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு கூடும்.

சுரங்கம், ஷீட் தொழிற்சாலை, கப்பல் உடைக்கும் தளம், கட்டடம் இடிக்கும் வேலை ஆகியவற்றில் இருப்போருக்கே ஆபத்து மிகுதி. அவர்களுடைய உடைகளை உதறித் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் நோய் கண்டதுண்டு. ஜார்க்கண்டில் சாய்பாசா அருகே ரோரோ மலையில் இருந்த கல்நார்ச் சுரங்கம் 1983இல் மூடப்பட்டது. அங்கே குவிந்து கிடந்த கழிவு மழையில் அடித்துவரப்பட்டு அடிவார வயல்களில் இறங்கியது. சுரங்கத்தையே பார்க்காத உழவரும் அந்த மண்ணில்தான் உழ வேண்டியதாயிற்று.

கூரையில் உடையாமல் கிடக்கும் ஷீட்டால் அபாயம் குறைவு. மிஷின் வைத்து அறுப்பது, ஜே போல்ட்டுக்குத் துளை போடுவது, பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, பழைய ஷீட்டை மேலிருந்து போட்டு உடைப்பது, இவைதான் தூளைக் கிளப்புபவை. பழைய டிராக்டரின் பிரேக் லைனரிலும் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைக்கலாம்.

அறுத்தே ஆக வேண்டுமானால் திறந்த வெளியில், தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, கை ரம்பத்தால் மெதுவாக அறுக்க வேண்டும். மூக்கில் துண்டு கட்டினால் போதாது; நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும். குழந்தைகளை அண்ட விடக்கூடாது. தூளைக் கூட்டாமல் நனைத்து அள்ள வேண்டும். உடைந்த துண்டுகளைக் களத்துமேட்டிலோ வண்டிப் பாதையிலோ கொட்டினால் சக்கரம் ஏறி ஏறித் தூளாகும். உழவோ வெட்டோ படாத இடத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைப்பது மேல். புதிதாகக் கொட்டகை போடுவோர் ஓட்டையோ தகரத்தையோ யோசிக்கலாம்.

இளமையில் ஷீட் தொழிற்சாலையிலோ கப்பல் உடைக்கும் தளத்திலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு இப்போது மூச்சிரைப்பு இருந்தால், அந்தப் பழைய வேலையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அவராகக் கேட்கமாட்டார்.