இரவல் பூனைக்குட்டி

பூனை வளர்ப்பது எளிது என்பார்கள். ஒரு கிண்ணம் பால், ஒரு கோணிப்பை, இரண்டும் இருந்தால் போதுமாம்! நலமுள்ள பூனைக்கு வேண்டுமானால் இது ஓரளவு பொருந்தலாம். சாக்கடையோரத்தில் கண்கள் ஒட்டிப்போய்க் கிடக்கும் குட்டிக்குப் பொருந்தாது. அத்தகைய குட்டியைச் சில வாரங்கள் மட்டும் வைத்துத் தேற்றி, நல்ல வீடு பார்த்து ஒப்படைக்கும் பணியைப் பற்றியே இங்குக் கூற விழைகிறேன். அந்தச் சில வாரங்களுக்கு அது நம்முடையதன்று; இரவல் பொருள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தனியே கிடக்கும் குட்டியெல்லாம் அநாதையன்று. உடல் சுத்தமாகவும் வயிறு நிறைந்தும் இருந்து, அமைதியாக உறங்கினால் தாய் இரை தேடப் போயிருக்கும். எட்ட நின்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். குட்டி ஓயாமல் கத்தினாலோ, குளிர்ந்து துவண்டிருந்தாலோ, கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்தாலோ காத்திருக்கலாகாது.

வீட்டுக்கு வந்த குட்டிக்கு உடனே பாலூட்டத்தான் நம் மனம் துடிக்கும். அங்கேதான் பல குட்டிகள் இறந்துபோகின்றன. உடல் குளிர்ந்திருக்கும்போது அதன் குடல் வேலை செய்யாது. ஆகவே சூடுதான் முதல் உணவு. அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, வெந்நீர் நிரப்பிய சீசாவைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்கட்டும். உடல் வெதுவெதுப்பான பிறகே உணவு.

அப்போதும் பசும்பால் வேண்டாம். அதிலுள்ள பால்சர்க்கரை பெரும்பாலான குட்டிகளுக்குச் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கு உண்டாகி உடலிலுள்ள நீரெல்லாம் வற்றிவிடும். நான்கு வாரத்துக்குட்பட்ட குட்டிக்குப் பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்துத் தர வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுக்க வைத்தே ஊட்டுவது முறை. ஊட்டியபின் ஈரப்பஞ்சால் அடிவயிற்றின் கீழ்ப்புறத்தை மெல்லத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய் நாவால் நக்கிச் செய்யும் வேலை இது.

தெருக்குட்டிகளை மிகுதியாக வாட்டுவது பூனைச் சளிக்காய்ச்சல். பெரும்பாலும் இருவகை வைரஸ்களால் வருகிறது. தும்மல், கண்பீளை, மூக்கடைப்பு, சில குட்டிகளுக்கு வாய்ப்புண். இவற்றுள் மூக்கடைப்புதான் உயிருக்கு உலை வைப்பது. பூனை மணத்தைக் கொண்டே உணவை அறியும். மணம் தெரியாவிட்டால் பசித்தாலும் உண்ணாது. வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அமர்ந்தால் மூக்கு இளகும். பிறகு உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மீனைச் சற்றே சூடாகக் கொடுத்தால் முகர்ந்து பார்க்கும். கண்களைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. சொட்டு மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே கூடாது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

எங்கள் வீட்டுக்கு ஓர் ஐப்பசி மழையில் வந்த சாம்பல்நிறக் குட்டிக்கு வயது ஐந்து வாரமிருக்கும் என்றார் மருத்துவர். சமையலறைத் தராசில் 340 கிராம்தான் இருந்தது. அந்த வயதில் ஏறக்குறைய 500 இருக்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து, ஒரு பழைய நோட்டில் குறித்து வந்தோம். மறுநாள் 332. மூன்றாம் நாள் 322. கண்ணுக்கு அது முன்போலவேதான் தெரிந்தது. பாட்டிகூட, "தேறிவிட்டது" என்றார்கள். தராசு மட்டும் வேறு சொன்னது. வளரும் குட்டி நாளொன்றுக்குப் பத்துக் கிராமேனும் ஏற வேண்டும். இறங்கினால் ஆபத்து. அன்றே மருத்துவரிடம் ஓடினோம். தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றி, மருந்தும் கொடுத்தார். ஏழாம் நாள் 351! பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட அப்பா அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரமேனும் குட்டியைத் தனியறையில் வைக்க வேண்டும். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதல் அவசியம். குட்டி கடித்தாலோ கீறினாலோ மறைக்காதீர்கள், தங்கைகளே! பூனையாலும் வெறிநோய் பரவும். ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எப்போது கொடுக்கலாம்? எட்டு வாரம் நிரம்பி, தானே உண்டு, மணல் தட்டைப் பயன்படுத்தி, மருந்தை நிறுத்திய பின்னும் தும்மாமல் இருந்தால் கொடுக்கலாம். குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும்; வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். எங்கள் குட்டி ஆறு வாரம் எங்களிடம் இருந்து 870 கிராமானது.

அழகாயிருக்கிறது என்று கேட்பவர்கள் பலர். எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது. வீட்டிலுள்ள பெரியவர்கள் சம்மதித்தார்களா, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், நான்கைந்து மாதத்தில் கருத்தடை செய்வார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கொடுத்த பின்னும் விசாரிக்கலாம். ரோமாபுரியின் புனித பிலிப்பு நேரியார் 1583இல் இருப்பிடம் மாறியபோது தம் பூனையைப் பழைய இல்லத்திலேயே விட்டுச் சென்றார்; ஆனால் அதற்கு உணவிட ஆளனுப்பி, நன்றாக உண்டதா என்று கேட்டுவந்தாராம்.

கொடுக்கும் நாளில் தம்பி அழுதான். அழட்டும், கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அடுத்த மழையில் வரும் குட்டிக்கு இடமிராது. எடை நோட்டையும் தடுப்பூசிச் சீட்டையும் குட்டியுடனே கொடுத்துவிடுங்கள். புது வீட்டில் இரண்டு மூன்று நாள் அது கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். முதல் வாரம் ஓர் அறையே போதும். பெட்டியில் விரித்திருந்த பழைய துண்டைத் துவைக்காமல் அனுப்புங்கள். அந்த மணம் அதற்குத் தெரிந்த மணம்; அதன்மேல் படுத்து உறங்கிவிடும்.