முதியோரும் செயற்கை மலவாயும்

1921-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஹென்றி ஹார்ட்மன், புற்று கண்ட பெருங்குடற் பகுதியை அகற்றி, மலக்குடலின் எஞ்சிய முனையைத் தைத்து மூடி, குடலின் மேல்முனையை வயிற்றுச் சுவரில் திறந்துவிடும் முறையை விவரித்தார். மலம் அவ்வாய் வழியே பையிற் சேரும். பின்னர் அதனை மூடிக் குடலை இணைப்பது பெரியதோர் அறுவையே. முதியோர் பலருக்கு அது செய்யப்படுவதேயில்லை. மலக்குடற் புற்றை நீக்கியபின், உள்ளிணைப்பு ஆறும்வரை தற்காலிகமாக வைக்கப்படும் சிறுகுடல் வாயை மூடுதல் இதனினும் எளிது. ஆயினும் குடலியக்கம் சில நாள் நின்றுபோதல், புண் சீழ்பிடித்தல், அரிதாக இணைப்புக் கசிதல் ஆகியன அங்கும் நேரும்.

வயதொன்றே தடையன்று. இதயம், நுரையீரல், உடல்வலிவு, சிறப்பாக ஆசனவாய்ச் சுருக்குத்தசையின் வலிமை ஆகியவற்றை முன்னரே ஆராய்தல் வேண்டும். அத்தசை தளர்ந்தவருக்கு, பை நீங்கினாலும் அடக்கவியலாத மலப்போக்கு வந்து சேரலாம். அத்தகையோருட் சிலர் பையையே விரும்புகின்றனர்.