‘ராப் கேட்டா பிள்ளை கெட்டுப்போயிடுமா?’ - டீன் ஏஜ் காதுகளும் ஒரு இசையின் நிறமும்!

ஒரு பாட்டு. அதில் ஒருவன் போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொல்கிறான். பாட்டைச் சொல்பவனும் அவன்தான். இந்த வரிகளை உங்கள் பிள்ளை கேட்டால் என்ன நினைப்பீர்கள்?

1990-களில் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கேரி ஃப்ரைட், இப்படி ஒரு பாட்டின் வரிகளைத் தாளில் அச்சடித்துப் பலரிடம் படிக்கக் கொடுத்தார். சிலரிடம் ‘இது ராப் பாட்டு’ என்று சொல்லப்பட்டது. வேறு சிலரிடம் ‘இது கன்ட்ரி பாட்டு’ என்று சொல்லப்பட்டது. கன்ட்ரி என்பது அமெரிக்க கிராமத்து வெள்ளையர்களின் இசையாக அறியப்பட்ட வகை. இரண்டு தரப்பும் படித்தது ஒரே வரிகளைத்தான்.

ஆனால், ‘ராப்’ என்று நம்பியவர்கள் அதை ஆபத்தானது, அருவருப்பானது, கட்டுப்படுத்த வேண்டியது என்றார்கள். ‘கன்ட்ரி’ என்று நம்பியவர்களுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. பாடியவர் கறுப்பினத்தவர் என்று படம் காட்டியபோதும் வெறுப்பு கூடியது. 1996-ல் இந்த முடிவுகள் வெளியாகின.

உண்மையில் அது ராப்பும் இல்லை, கன்ட்ரியும் இல்லை. ‘கிங்ஸ்டன் ட்ரையோ’ என்ற வெள்ளையர் குழு 1960-ல் பாடிய நாட்டுப்புறப் பாணிப் பாட்டு!

டீன் ஏஜ் பிள்ளைகளும் ராப்பும் என்று பேச ஆரம்பித்தாலே, ‘பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா?’ என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் பயப்படுவது வார்த்தைகளைப் பார்த்தா, அதைப் பாடுகிற முகத்தைப் பார்த்தா?

பள்ளிக்கூடத் துணிக்காக ஒரு பார்ட்டி

ராப் பிறந்ததே பதின்வயதுப் பிள்ளைகளிடம்தான். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. 1973, ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூவில் 1520 என்ற எண் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளி திறக்கும் நேரம், புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் அங்கே ஒரு பார்ட்டி நடத்தினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு போட்டது அவருடைய 18 வயது அண்ணன் கிளைவ். இன்று உலகமே அவரை ‘டிஜே கூல் ஹெர்க்’ என்று அழைக்கிறது.

ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம் அது. பாட்டில் குரல் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் பிள்ளைகள் வெறித்தனமாக ஆடுவதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்தச் சில நொடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டித்தார். அதன் மேல் மைக்கில் சந்தத்தோடு பேசினார்கள். அந்தப் பேச்சுதான் வளர்ந்து ராப் ஆனது.

அன்றைய பிராங்க்ஸ் எப்படி இருந்தது என்று தெரிந்தால் இந்த இசையின் கோபம் புரியும். விரைவுச்சாலை போடுவதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டிருந்தன. கட்டடங்கள் அடுத்தடுத்து எரிந்தன. காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே தீவைத்த சம்பவங்களும் உண்டு. நகர நிர்வாகத்திடம் பணம் இல்லாமல் பள்ளிகளின் இசை வகுப்புகள்கூட வெட்டப்பட்டன. கிட்டாரோ பியானோவோ வாங்க வழியில்லாத கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து, வீட்டிலிருந்த பழைய இசைத்தட்டை வைத்துத் தங்களுக்கென்று ஒரு இசையை உருவாக்கிக்கொண்டார்கள்.

பதின்வயதுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

முதல் காரணம், நுழைவுக் கட்டணம் இல்லாத கலை இது. பல வருடம் சங்கீதம் கற்க வேண்டாம், குரல் இனிமையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சொல்வதற்கு ஒரு விஷயமும் அதைச் சொல்ல ஒரு தாளமும் போதும். வகுப்பறை மேசையைத் தட்டிக்கொண்டே ஒரு மாணவனால் ராப் செய்துவிட முடியும்.

இரண்டாவது, ராப்பில் பெரும்பாலும் ‘நான்’தான் பேசுகிறேன். என் தெரு, என் வீடு, என் அம்மா, என் அவமானம். ‘நான் யார்?’ என்று தேடிக்கொண்டிருக்கிற வயதில், ஒருவர் தயங்காமல் ‘நான் இதுதான்’ என்று சொல்வதைக் கேட்பதில் ஒரு தைரியம் கிடைக்கிறது. வீட்டில் மார்க் பற்றியும் பள்ளியில் ஒழுங்கு பற்றியும் மட்டுமே விசாரிக்கப்படுகிற பிள்ளைக்கு, இது தன் பக்கம் நிற்கிற குரல்.

மூன்றாவது, மொழி விளையாட்டு. எதுகை, இயைபு, சிலேடை, வேகம் என்று ராப் முழுக்கச் சொல்லின் திறமை. ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது அர்த்தத்தைக் கண்டுபிடித்து நண்பர்களிடம் விளக்குவதே தனி சந்தோஷம்.

நான்காவது காரணத்தை எல்லாப் பெற்றோரும் அறிவார்கள். பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதே பாதி ஈர்ப்பு!

தொலைக்காட்சி தேர்ந்தெடுத்த முகம்

இங்கேதான் ஊடகம் வருகிறது. 1981-ல் தொடங்கிய எம்டிவி, ஆரம்பத்தில் கறுப்பினக் கலைஞர்களை மிகக் குறைவாகவே காட்டியது. 1983-ல் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி, அந்த சேனலுக்கே கொடுத்த பேட்டியில் இதைக் கேள்வியாகக் கேட்டார். அதே சேனல் 1988-ல் ‘யோ! எம்டிவி ராப்ஸ்’ நிகழ்ச்சியைத் தொடங்கியதும், பிராங்க்ஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாத புறநகர் வெள்ளையினப் பிள்ளைகளின் வரவேற்பறைக்குள் ராப் நுழைந்தது.

அடுத்த திருப்பம் 1991. அதுவரை பில்போர்டு பட்டியலுக்குக் கடைக்காரர்களிடம் ‘எது நன்றாக விற்கிறது?’ என்று விசாரித்துத்தான் கணக்கு எடுத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் முதல், கடை கவுன்டரில் பார்கோடு ஸ்கேன் ஆகும் உண்மையான விற்பனைக் கணக்கு வந்தது. அடுத்த மாதமே ‘என்.டபிள்யூ.ஏ.’ குழுவின் ஆல்பம் முதலிடத்தைப் பிடித்தது. வன்முறையும் ஆபாசமும் நிறைந்த ‘கேங்ஸ்டா’ ராப் அது. புறநகர் மால்களில் வெள்ளையினப் பிள்ளைகள் இதை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது இசை நிறுவனங்களுக்குப் புரிந்தது.

அன்று ராப்பில் எல்லாக் குரல்களும் இருந்தன. ‘பப்ளிக் எனிமி’ அரசியல் பேசியது. ‘டி லா சோல்’ குறும்பு செய்தது. பெண்களை இழிவாக அழைப்பவர்களைத் தட்டிக் கேட்ட பாட்டுக்காக குயின் லத்தீஃபா கிராமி விருது வாங்கினார். ஆனால், பெரிய முதலீடு ஓடியது துப்பாக்கியும் தங்கச் சங்கிலியும் இருந்த பக்கம். 1985-ல் பெற்றோர் அமைப்பு ஒன்று போராடி வாங்கிய ‘பெற்றோர் கவனத்துக்கு’ என்ற எச்சரிக்கை முத்திரைகூட, பிள்ளைகளுக்கு விளம்பரமாகத்தான் பயன்பட்டது.

கறுப்பின இளைஞனின் வாழ்க்கையில் ஆயிரம் பக்கங்கள் உண்டு. அதில் அதிகம் விலைபோகிற ஒரு பக்கத்தைக் கிழித்துத் திரும்பத் திரும்ப விற்றார்கள். ‘கறுப்பர் என்றால் இப்படித்தான்’ என்று உலகம் முழுக்க நம்பத் தொடங்கிய பிள்ளைகளில், ஒரு கறுப்பினத்தவரைக்கூட நேரில் பார்க்காதவர்களும் உண்டு.

வெள்ளையரான எமினெம் 2000-ல் வெளியிட்ட ஆல்பம் ஒரே வாரத்தில் 17 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால், தன் தோல் நிறமும் அந்த விற்பனைக்கு உதவியது என்பதை அவரே பின்னர் தன் பாட்டில் ஒப்புக்கொண்டார்.

பாட்டு வரி, சாட்சிக் கூண்டில்!

கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1955-ல் வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டில், ஒரு கொலைக் கைதி தன் கதையைச் சொல்கிறான். கேஷைக் கொலைகாரர் என்று யாரும் நினைக்கவில்லை. கதாபாத்திரம் வேறு, பாடகர் வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1992-ல் ராப் கலைஞர் ஐஸ்-டி தன் ‘பாடி கவுன்ட்’ குழுவோடு போலீஸ் அராஜகத்தை எதிர்த்து ஒரு பாட்டு வெளியிட்டார். அது ஹெவி மெட்டல் ராக் வகை. ஆனாலும் ‘ராப் பாட்டு’ என்றே பலரும் கண்டித்தார்கள். அமெரிக்கத் துணை அதிபர் வரை எதிர்ப்புத் தெரிவிக்க, கடைசியில் அந்தப் பாட்டு ஆல்பத்திலிருந்து நீக்கப்பட்டது. கேரி ஃப்ரைட் காகிதத்தில் செய்து பார்த்தது, நாடு முழுக்க நிஜமாகவே நடந்தது.

இன்னும் கனமான விஷயம், நீதிமன்றம். ராப் எழுதிய இளைஞர்களின் பாட்டு வரிகளைக் குற்ற ஒப்புதல் போலக் காட்டும் வழக்கம் அமெரிக்க அரசு வழக்கறிஞர்களிடம் உண்டு. 2019-ல் வெளியான ‘ராப் ஆன் ட்ரையல்’ நூலின் ஆசிரியர்கள் இப்படிச் சுமார் 500 வழக்குகளைக் கண்டெடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். 2022-ல் கைதான பிரபல ராப்பர் யங் தக் மீதான வழக்கிலும் பாட்டு வரிகளைக் காட்ட நீதிபதி அனுமதித்தார். இதற்குக் கடிவாளம் போட, கலிஃபோர்னியா மாகாணம் 2022-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இதுதான் கொடுமை. எந்தப் பிம்பத்தை விற்றுப் பணம் பார்த்தார்களோ, அதே பிம்பம் அந்தத் தெருப் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பவும் சாட்சி சொல்கிறது. அதே பாட்டை ஹெட்போனில் கேட்ட புறநகர்ப் பிள்ளை, வளர்ந்து வேலைக்குப் போய்விடுகிறது.

அப்படியென்றால் பாதிப்பே இல்லையா?

இருக்கிறது. 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வை, அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. பெண்களை வெறும் உடலாகவும் ஆண்களைக் கட்டுக்கடங்காதவர்களாகவும் காட்டும் பாட்டுகளை அதிகம் கேட்டவர்களிடம், சிறு வயதிலேயே பாலியல் உறவில் ஈடுபடும் போக்கு அதிகம் தெரிந்தது. பாட்டுதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால், முக்கியமான ஒன்றையும் அந்த ஆய்வு சொன்னது. பிரச்னை இழிவுபடுத்தும் வரிகளில்தான், ராப்பா ராக்கா என்ற வகையில் இல்லை.

இந்த விமர்சனத்தை வைத்தவர்களில் கறுப்பினப் பெண்களும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போன சி.டெலோரஸ் டக்கர், 1990-களில் பெண்களை இழிவு செய்யும் பாட்டுகளுக்கு எதிராகப் போராடினார். 2004-ல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி மாணவிகள், நெல்லி என்ற ராப்பரின் வீடியோவுக்கு விளக்கம் கேட்டுப் போராட்டத்துக்குத் தயாராக, கல்லூரியில் அவர் தரப்பு நடத்தவிருந்த நிகழ்ச்சியே ரத்தானது. அவர்கள் ராப்பை வெறுத்தவர்கள் இல்லை. ‘இது எங்கள் இசை, எங்களையே இழிவு செய்யாதே’ என்றவர்கள்.

நம் வீட்டுக்கும் வந்தாச்சு

தமிழுக்கு ராப் வந்து பல காலம் ஆகிறது. 1994-ல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்ட ராப்’ அதை விளையாட்டாக அறிமுகம் செய்தது. 2006-ல் மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா ‘வல்லவன்’ ஆல்பத்தில் தமிழ் ராப்பைத் தனிக் கலையாகவே நிறுத்தினார்கள். 2018-ல் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவோடு ராப்பைச் சேர்த்து சாதியைப் பற்றிப் பேசியது. நிறத்துக்கு எதிராகப் பிறந்த வடிவம், இங்கே சாதிக்கு எதிரான குரலாக மாறியது இயல்பான தொடர்ச்சி.

அங்கே கேட்ட கேள்வி இங்கேயும் எழுந்தது. 2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு உலகம் சுற்றியது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில், அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவின் முகம் இல்லை. ‘உழைப்பு ஒருவருடையது, முகம் வேறொருவருடையதா?’ என்று இயக்குநர் பா.ரஞ்சித் உட்படப் பலர் கேட்டார்கள். பிறகு அறிவின் படத்தோடு டிஜிட்டல் அட்டை வந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

தடை போடுவதில் பலன் இல்லை. இயர்போனுக்குள் என்ன ஓடுகிறது என்று யாராலும் காவல் காக்க முடியாது. அதற்குப் பதில் சில விஷயங்களைச் செய்து பார்க்கலாம்.

* ‘உனக்குப் பிடிச்ச ஒரு பாட்டை எனக்கு விளக்கிச் சொல்லு’ என்று கேளுங்கள். விளக்கும்போதே, எந்த வரி தனக்குச் சங்கடம் தருகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

* ‘இதைச் சொல்வது பாடகரா, கதாபாத்திரமா?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும், கேட்பவர் ரசிகர் என்ற நிலையிலிருந்து வாசகராக மாறிவிடுவார்.

* சின்னப் பிள்ளைகள் என்றால், பாட்டின் பெயரருகே ‘இ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கொச்சையான வார்த்தைகள் உண்டு என்று அர்த்தம். ஸ்பாட்டிஃபையில் அத்தகைய பாட்டுகளை செட்டிங்ஸிலேயே தடுக்கலாம்.

* கறுப்பினத்தவரை அடிமைக் காலத்திலிருந்து இழிவாக அழைத்த ஒரு சொல் பல ராப் பாட்டுகளில் வரும். தங்களைக் காயப்படுத்திய சொல்லை அவர்கள் தங்களுக்குள் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்கள் சொன்னால் அது வசவு. 2018-ல் மேடைக்கு அழைத்த வெள்ளையின ரசிகை அந்தச் சொல்லோடு சேர்த்துப் பாடியதும், கென்ட்ரிக் லமார் பாட்டையே நிறுத்திவிட்டார். ரீல்ஸில் அந்த வார்த்தையை ஸ்டைலாகச் சொல்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கேயும் சில சாதிப் பெயர்கள் வசவாகப் பயன்படுகின்றன. அந்த வலியைச் சொன்னால் உடனே புரியும்.

அதே கென்ட்ரிக் லமாரின் ஆல்பத்துக்கு அந்த 2018-ல்தான் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. கிளாசிக்கல், ஜாஸ் தவிர வேறு இசைக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. பிராங்க்ஸ் பார்ட்டி நடந்து அப்போது கிட்டத்தட்ட 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அரை நூற்றாண்டாக இந்த இசையை நோக்கி ‘சத்தத்தைக் குறை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகளோ சத்தத்தைக் கூட்டிக் கேட்கிறார்கள். ‘இதில் உனக்கு என்ன கேட்கிறது?’ என்று அவர்களிடம் நாம் கேட்கலாம்தானே?