சீட் கிடைத்த பிறகு

2020 நவம்பரில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் முதல் மருத்துவக் கவுன்சலிங் சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்தது. தனியார் கல்லூரியில் இடம் வந்த சிலர் அதை வேண்டாமென்று விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். மார்க் இருந்தது, சீட்டும் இருந்தது; லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டத்தான் வழியில்லை. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. கவுன்சலிங் தொடங்கும் முன்பே சொல்லியிருந்தால் என்ன?

மறு ஆண்டே அந்தக் குறை சரிசெய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என 7.5 சதவீதம் விரிந்தபோது, கல்வி, விடுதி, கவுன்சலிங் கட்டணங்களை அரசு ஏற்கும் என்று 2021 செப்டம்பரில், சேர்க்கை ஆணை வழங்கிய மேடையிலேயே முதல்வர் அறிவித்தார். இந்திய மாநிலங்களில் இவ்வளவு தூரம் போனவை அதிகமில்லை.

பணம் நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ல் வடக்கே ஒரு சாட்சி. உத்தரப்பிரதேசத்தின் முசாஃபர்நகர் பக்கத்து தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஜூன் 24 மாலை 5 மணி கெடு. ஊரில் புரட்டிய பணம் கைக்கு வந்து, விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கும்போதே இணையதளம் மூடிக்கொண்டது. அவனுக்கு அது கடைசி வாய்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம் வரை அலைந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று, அரசியலமைப்பின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி, கூடுதல் இடம் உருவாக்கிச் சேர்க்கச் சொன்னது. அவன் விடாமல் போராடியதால் நமக்குத் தெரிந்தது. எல்லோராலும் டெல்லி வரை போக முடியுமா?

நம் ஊரிலும் உதவித்தொகை தாமதமானால், "முதலில் நீங்கள் கட்டுங்கள், அரசு தந்ததும் திருப்பித் தருகிறோம்" என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு. கட்ட முடியாது என்பதால்தானே உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள்? அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாணவர்களுக்கு வரும் மாதம் 1,000 ரூபாய் பஸ்ஸுக்கும் நோட்டு, ஜெராக்ஸுக்கும் போய்விடும். சின்னத் தொகைதான், ஆனால் அப்பாவிடம் கேட்காமல் செலவழிக்க முடிகிற தொகை.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் முதல் செமஸ்டரில் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை, 'எம்-1' எனும் முதல் கணித வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் வேகமாகப் போட்டுக்கொண்டே போகும் கணக்கைப் பார்க்கிறது. பள்ளியில் அதே கணக்கைப் போட்டதுதான். எழுந்து கேட்டால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்று உட்கார்ந்துவிடுகிறது. ஒரு அரியர் விழுகிறது. அடுத்த செமஸ்டரில் அது மூன்றாகிறது. கடைசி ஆண்டில் கம்பெனிகள் வரும்போது, 'அரியர் இருந்தால் வர வேண்டாம்' என்ற முதல் வரியிலேயே அந்தப் பெயர் அடிபட்டுப் போகிறது. இரண்டு வார அறிமுக வகுப்பு இதைத் தீர்க்காது. மாலையில் ஒரு மணி நேரம் தமிழில் விளக்குகிற ஆசிரியர், அதே ஊர்ப்பக்கத்து சீனியர் ஒருவர், முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததுமே யார் பின்தங்குகிறார் என்று கவனிக்கிற துறைத்தலைவர்: இவை இருந்தால் போதும். கட்டணச் செலவோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு கொசுறு.

2021-ல் 7.5 சதவீதத்தில் பொறியியல் சேர்ந்த முதல் அணி 2025-ல் நான்காண்டை முடித்துவிட்டது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை ஒவ்வொரு கவுன்சலிங் முடிவிலும் அறிவிக்கிறார்கள். எத்தனை பேர் அரியர் இல்லாமல் வெளியே வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்ற கணக்கையும் கல்லூரி வாரியாக ஆண்டுதோறும் பொதுவில் வைக்கட்டும்.